கேபிள் பாதையில் ஒரு வளைவு

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். பெயர் நிவேதா. நான் கடைசியாக வேலை பார்த்த ஆலோசனை நிறுவனத்தில் இப்போது அவள் இன்ஜினியர்.

"மேடம், நீங்க எழுதின தூத்துக்குடி ரிப்போர்ட்டைத்தான் திரும்ப எடுத்திருக்கோம். எல்லாம் தெளிவா இருக்கு. கடலுக்குள்ள போற லைன்ல ஒரு இடத்துல மட்டும் பெருசா ஒரு வளைவு. அதை நேராக்கினா கேபிள் நிறைய மிச்சம். ஏன் வளைச்சீங்க?"

"பாறை இருக்கு. எழுதியிருக்கேனே."

"அந்தப் பாறைக்கு இவ்வளவு பெரிய வளைவு தேவையில்லையே மேடம்."

கெட்டிக்காரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதி அனுப்புகிறேன், அதுவரை லைனில் கை வைக்காதே என்று சொல்லிப் போனை வைத்தேன். ஒரு பக்கத்தில் முடிய வேண்டிய பதில் இப்படி நீண்டுவிட்டது. வேலையில் இருந்தபோது எல்லாவற்றையும் சுருக்கி எழுதியே காலம் போயிற்று, இப்போதாவது இழுத்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிச் சீமை வெயிலை மின்சாரமாக்கி, கடலுக்கு அடியில் கேபிள் போட்டு, அக்கரைத் தீவுக்கு அனுப்ப முடியுமா என்று எங்களிடம் கேட்டார்கள். முடியும் என்று எழுதியவள் நான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். கனவு, கற்பனை என்று பேப்பரில் எழுதினவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருத்தரும் என்னோடு வல்லத்தில் ஏறிக் கடலுக்குள் வாந்தி எடுக்கவில்லை.

நான் நாசரேத்துக்காரி. அப்பா, அம்மா இரண்டு பேரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள். நானும் டீச்சர் ஆவேன் என்று ஊரே முடிவு பண்ணியிருந்தது. நான் போய் எலெக்ட்ரிக்கல் படித்தேன். அதற்குப் பிறகு முப்பது வருஷம் துணைமின் நிலையங்களில் கிடந்தேன். டிரான்ஸ்ஃபார்மர் உறுமுகிற உறுமலை வைத்தே அதற்கு என்ன கேடு என்று சொல்லுகிற அளவுக்கு வந்தேன். அந்த முப்பது வருஷத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு ஆசையில்லை. உண்மையான படிப்பு சுடலைமுத்து சாரிடம் வந்து சேர்ந்த பிறகுதான் ஆரம்பித்தது.

சார் சாத்தான்குளத்து மளிகைக்கடைக்காரர் மகன். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்று, எழுபது வயதில் எங்கள் நிறுவனத்தின் தூத்துக்குடி ஆபீசுக்குத் தலைவராக உட்கார்ந்திருந்தார். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. ஆனால் நாம் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தால் தீர்ந்தது. அன்றைக்கு மதியச் சாப்பாடு கிடையாது.

அவரிடம் ஒரு முறை இருந்தது. நாம் எழுதிக் கொடுக்கிற அறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் நாமே பென்சிலால் ஓர் எழுத்துப் போட வேண்டும். கண்ணால் பார்த்தது என்றால் 'பா'. அடுத்தவர் சொல்லிக் கேட்டது என்றால் 'கே'. புத்தகத்தில் படித்தது, கம்பெனிக்காரன் அனுப்பியது, சர்க்கார் கடிதத்தில் இருந்தது எல்லாமே 'கே' தான். நூறு வரி அறிக்கையில் 'பா' பாதிக்குக் குறைந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். வந்த புதிதில் எனக்கு இது பள்ளிக்கூடத்து வேலையாகத் தெரிந்தது. ஒரு மாதத்தில் புரிந்தது.

சோலார் பூங்காவுக்கு நான் முதலில் பார்த்து வைத்த இடம் உப்பளங்களுக்குப் பின்னால் இருந்த தரிசு. துறைமுகம் பக்கம், நிலம் தட்டையாக இருந்தது, கண்ணுக்கு எட்டிய வரை நிழல் கிடையாது. உப்புக் காற்றினால் பேனலுக்குப் பெரிய பாதிப்பு இல்லை என்று ஒரு வரி எழுதி, தைரியமாக எழுத்துப் போடாமல் விட்டுவிட்டேன். சார் கடிகாரத்தைக் கழற்றினார்.

"என்னம்மா, இது பாத்ததா கேட்டதா?"

"கம்பெனி புக்ல இருக்கு சார்."

"புக்கு கேட்டது. நீ பாத்தியா?"

மறுநாள் காலையில் ஜீப்பில் ஒரு உப்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்காகச் சின்னதாக ஒரு பேனல் வைத்திருந்தார்கள். "துடை" என்றார். துடைத்தேன். கைக்குட்டையில் வெள்ளையாகப் படிந்தது. "நாக்குல வச்சுப் பாரு." வைத்தேன். சாப்பாட்டில் போடலாம், அப்படி ஒரு உப்பு. அதைத் தினமும் கழுவ நல்ல தண்ணீர் எங்கே இருந்து வரும்? அன்று சாயங்காலமே இடத்தை உள்ளே தள்ளி, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண் தரிசுக்கு மாற்றினேன். அந்த வரிக்கு ஓரத்தில் என் கையாலேயே 'பா' போட்டேன்.

அறிக்கையின் மின்சாரப் பகுதி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடலுக்கு அடியில் அவ்வளவு தூரத்துக்குச் சாதாரண மாறுமின்சாரத்தை அனுப்ப முடியாது, பாதியைக் கேபிளே குடித்துவிடும். நேர்மின்சாரமாக மாற்றி அனுப்பி, அக்கரையில் மறுபடி மாற்றிக்கொள்ள வேண்டும். உலகத்தில் பல இடங்களில் செய்கிற காரியம்தான். சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் அங்கன வீட்டுக்கு வீடு லைட்டு போடுவான். அப்ப உன் வெயிலு எங்க இருக்கும்?"

"அவங்க மலையில அணை இருக்கு சார். பகல்ல நம்ம கரண்டை வாங்கிக்கிட்டு அணைத் தண்ணியைத் திறக்காம வச்சிருக்கட்டும். சாயங்காலம் திறந்துக்கிடட்டும். நம்ம வெயிலை அவங்க தண்ணியில சேத்து வைக்கோம்."

சார் கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார். அது அவருடைய பாராட்டு. அன்றைக்கு எனக்கு இருந்த திமிருக்கு அளவே இல்லை.

அந்தத் திமிரோடுதான் கடலுக்குள் போனேன்.

இந்த மாதிரி முதற்கட்ட ஆய்வில் கடலடியை முழுக்க அலசிப் பார்க்க மாட்டார்கள். பழைய வரைபடம், ஒலி அனுப்பி ஆழம் பார்க்கிற கருவியால் எடுத்த சில கோடுகள், பிறகு கடலில் தொழில் பார்ப்பவர்களின் சொல். இதை வைத்துத்தான் கேபிள் பாதையைப் போடுவோம். பாதைக்கு இரண்டு பக்கமும் யாரும் நங்கூரம் போடக் கூடாது, முக்குளிக்கக் கூடாது. அதனால் மீனவர்களுடைய தொழில் இடங்களைக் கேட்டு, விலகிப் போவது என் பொறுப்பு.

இந்தக் கடலடியில் பாறைமேடுகள் உண்டு. பார் என்பார்கள். ஒரு காலத்தில் முத்துச்சிப்பி விளைந்தது இந்தப் பார்களில்தான். முத்துக் குளிப்பு நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. பாரை ஒட்டின மணலில் சங்கு எடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சந்தியாகு அண்ணாச்சி. ஐம்பது வயதிருக்கும். மூன்று மச்சினன்மாரோடு ஒரே வல்லத்தில் தொழில். மேலிருந்து காற்று அனுப்புகிற கம்ப்ரஸர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு மூழ்கினால், மனிதர் கீழே காய்கறி வாங்கப் போனவர் போல நிதானமாகத் திரும்புவார்.

"அண்ணாச்சி, நீங்க சங்கு எடுக்குற இடத்தைக் காட்டுங்க. அதை விட்டு விலகி லைன் போடுதேன். உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது" என்றேன்.

"அதுக்கென்ன மேடம், நாளைக்கே போவோம்" என்றார்.

போனோம். நான் ஜி.பி.எஸ். கருவியோடு வல்லத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓர் இடத்தில் இஞ்சினை நிறுத்தச் சொன்னார். இடுப்பில் வலைப்பையோடு குதித்தார். கொஞ்ச நேரம் கழித்து மேலே வந்து, பையிலிருந்து இரண்டு சங்கை எடுத்து என் காலடியில் வைத்தார். நல்ல பெரிய சங்குகள். நாற்றம் தாங்கவில்லை. கடல் வாசம் என்று நினைத்துக்கொண்டேன். இடத்தைக் கருவியில் பதித்தேன், போட்டோ எடுத்தேன். ஆபீசுக்கு வந்து கேபிள் பாதையை அந்த இடத்திலிருந்து நன்றாக விலக்கி, ஓரத்தில் அழுத்தி ஒரு 'பா' போட்டேன். சார் பார்த்துக் கையெழுத்து வைத்தார்.

திங்கட்கிழமை அறிக்கை போக வேண்டும். அதற்கு முந்தின வியாழக்கிழமை, கடற்கரைத் தெருவில் ஒரு ஹாலில் மீனவர்களைக் கூட்டி வரைபடத்தைத் திரையில் காட்டினோம். சிவப்புக் கோடாகக் கேபிள் பாதை. கேள்வி கேட்டார்கள், சண்டை போட்டார்கள், டீ குடித்தார்கள், கடைசியில் சம்மதக் கடிதத்தில் வரிசையாகக் கையெழுத்தும் போட்டார்கள். சந்தியாகு அண்ணாச்சி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். டீ ஆறிப்போயிருந்தது. கையெழுத்துப் போடாமல் போய்விட்டார்.

மறுநாள் காலை ஆபீஸ் திறக்கும் முன்னாலேயே வாசலில் நின்றார். உள்ளே வந்து உட்கார்ந்தார். கைலி முனையைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"மேடம், அந்த லைனைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா?"

"எங்க தள்ளணும்?"

"எங்கயாவது."

"எங்கயாவதுன்னா? இது என்ன கொடிக்கயிறா அண்ணாச்சி? ஏன் தள்ளணும்னு சொல்லுங்க."

கைலி முனையை மறுபடி திருகினார். எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "நீங்க காட்டுன இடத்தைத்தானே விட்டு விலகிப் போயிருக்கேன்! இதுக்கு மேல நான் என்ன செய்யணும்?" என்று கத்திவிட்டேன்.

"அதான் மேடம் தப்பாப் போச்சு" என்றார், தலையைத் தூக்காமல். "நான் காட்டுன இடத்துல ஒண்ணுமே கிடையாது."

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை.

"சங்கு எடுத்துட்டு வந்தீங்களே!"

"அது முந்தின நாள் எடுத்தது. பைக்குள்ள வச்சுக்கிட்டுக் குதிச்சேன். அந்த நாத்தம் நாறுச்சே, உங்களுக்குத் தெரியலியா?"

அட ஆண்டவரே. இந்தக் கடலில் யாரும் தன் இடத்தை அடுத்தவருக்குக் காட்ட மாட்டார்கள். கூடப் பிறந்தவன் கேட்டாலும் வேறு இடத்தைத்தான் காட்டுவார்கள். அதில் பொய், துரோகம் என்ற எண்ணமே அவர்களுக்குக் கிடையாது, பழக்கம். நான் கேட்டதும் அண்ணாச்சிக்கு வாய் தானாக வேறு இடத்தைச் சொல்லியிருக்கிறது. நான் அந்தப் பொய்யான இடத்திலிருந்து மரியாதையாக விலகி, நேரே உண்மையான இடத்தின் மேல் கோட்டைப் போட்டிருக்கிறேன்.

"நாலு குடும்பம் மேடம். அந்த ஒரு இடம்தான். அங்கன இறங்கக் கூடாதுன்னுட்டா, நாங்க நாலு பேரும் ஹார்பருக்கு மூட்டை தூக்கத்தான் போகணும்." அவர் குரல் உடைந்தது. கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"சரி, இப்பவாவது சரியான இடத்தைச் சொல்லுங்க."

யோசித்தார். சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் ஒரு வழி சொன்னார். "நீங்க கோட்டைப் போட்டுக் காட்டுங்க. பட்டா பட்டுதுன்னு சொல்லுதேன். படலன்னா படலன்னு சொல்லுதேன்."

வரைபடத்தை விரித்தேன். முதல் கோடு போட்டேன். "படுது." இன்னொன்று. "படுது." மூன்றாவதைப் பெரிதாக வளைத்துப் போட்டேன். "படல" என்று பெருமூச்சு விட்டார். நான் கணக்குப் படித்தவள். இன்னும் ஐந்தாறு கோடு போட்டிருந்தால் இடத்தை உட்கார்ந்த இடத்திலேயே பிடித்திருப்பேன். அவருக்கும் அது தெரியும், என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பென்சிலைக் கீழே வைத்தேன்.

சாரிடம் போய்ச் சொல்வதுதான் பெரிய பாடு. என் 'பா' பொய் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும். சொன்னேன். சார் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். முழுக்கக் கேட்டார். முந்தின நாள் சங்கைப் பைக்குள் வைத்துக்கொண்டு குதித்த இடம் வந்ததும் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி! அத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"நீ பாத்ததும் நிசம்தான், அவன் காட்டுனதும் நிசம்தான். காட்டுனதைப் பாத்ததுக்கு நம்மகிட்ட எழுத்து இல்லம்மா. என் தப்பு." பென்சிலை எடுத்து, என் 'பா'வை அடித்துவிட்டு, பக்கத்தில் 'கா' என்று எழுதினார். அன்றிலிருந்து எங்கள் ஆபீசில் மூன்று எழுத்து.

பிறகு கோட்டைப் பார்த்தார். "வளைக்கணும்னா காரணம் எழுதணும். காரணத்தை நீ பாத்தியா?"

"இல்ல சார். படுது, படலன்னு அவர் சொல்லிக் கேட்டதுதான்."

"அப்ப போயிப் பாத்துட்டு வா. திங்கக்கிழமை நான் அனுப்ப மாட்டேன். எனக்கு வாற போனை நான் பாத்துக்கிடுதேன்."

அண்ணாச்சி சம்மதித்தார், ஆனால் கண்டிஷன் போட்டார். ஜி.பி.எஸ். வரக் கூடாது. "அது ஓட்டவாயி மேடம், எல்லாத்தையும் பதிஞ்சு வச்சுக்கிடும்." போனும் கூடாது. கயிற்றில் கட்டி இறக்குகிற கேமரா மட்டும் வரலாம், படத்தை வைத்து இடம் தெரியாது என்று நான் சத்தியம் பண்ண வேண்டும். பண்ணினேன். அதோடு, கரையைப் பார்க்காமல் உட்கார வேண்டும். கோபுரத்தையும் புகைபோக்கியையும் ஒன்றோடொன்று நேர் பார்த்துத்தான் அவர்கள் இடத்துக்கு அடையாளம் வைப்பார்கள். ஐம்பத்தேழு வயதில், ஒரு இன்ஜினியர், கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனேன். மச்சினன்மார் மூவரும் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினார்கள். "ஏலே, சும்மா இருங்கல" என்று அண்ணாச்சி அதட்டிவிட்டு அவரும் சிரித்தார்.

அன்றைக்கு நாலு இடத்தில் கேமராவை இறக்கினோம். நாலிலும் பாறை. பழைய வரைபடத்தில் பாறை என்று இருந்த மூன்று இடங்களில் நான்தான் கேட்டு இறக்கச் சொன்னேன், ஏன் என்று பிறகு சொல்கிறேன். நாலாவது இடத்தில் சின்னத் திரையில் பார் தெரிந்தது, அதை ஒட்டி வெளுத்த மணல், மணலில் பாதி புதைந்து சங்குகள். ஒரு சங்கின் முட்டைக்கூடு கிடாக் கொம்பு மாதிரி முறுக்கிக்கொண்டு மணலில் நட்டுக்கொண்டு நின்றது. இதன் மேல்தான் கோட்டைப் போட்டிருந்தேன்.

"மேடம்" என்றார் அண்ணாச்சி. "இனி திரும்பிக் கரையைப் பாத்துக்கோங்க."

"வேண்டாம் அண்ணாச்சி."

"பாருங்கன்னா பாருங்க. நாளைக்கு எவனாவது லைனை மாத்துதேன்னு வந்தா, சொல்லுதுக்கு ஒரு ஆளு வேணும்லா."

திரும்பினேன். எதை எதோடு நேர் பார்த்தேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

திங்கட்கிழமை போக வேண்டிய அறிக்கை வியாழக்கிழமை போனது. சார் கடைசித் தடவையாக வரைபடத்தைப் பார்த்தார். "பாறை இத்துனூண்டு, வளைவு எதுக்கும்மா இம்புட்டு?"

"நாலு பாறையையும் சேத்து வளைச்சிருக்கேன் சார். எது அவருதுன்னு ரிப்போர்ட்டைப் படிச்சவனுக்குத் தெரியக் கூடாது."

சார் கடிகாரத்தில் கை வைத்தார். ஆனால் அவர் கழற்றவில்லை.

"அதுவும் சரிதான். தெரிஞ்சா ஊர்ப்பட்ட வல்லமும் அங்கன வந்து நங்கூரம் போடும். நம்ம கேபிளுக்கு எமன் நங்கூரம்தான். அவன் ரகசியம் நமக்கும் காவல்." நாலு பாறைக்கும் நான் போட்டிருந்த 'பா'க்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

அதற்குப் பிறகு இரண்டு கரையிலும் ஆட்சி மாறியது, அறிக்கை அலமாரிக்குள் போனது, நான் ஓய்வு பெற்றேன். சார் இப்போது இல்லை. அறிக்கை மறுபடி வெளியே வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. பேனல் அன்றைக்கு இருந்ததை விட இன்றைக்கு மலிவு, பேட்டரி மலிவு, மின்சாரத்தை மாற்றுகிற நிலையங்கள் நல்ல தரம். கட்டாயம் போடுங்கள். அக்கரையில் நம் வெயிலில் மாவாட்டட்டும்.

நிவேதாவின் போன் வந்த அன்றே சந்தியாகு அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். இப்போதும் இறங்குகிறார், மூச்சு மட்டும் முன்னைப் போல இல்லையாம். "லைன் திரும்ப வருதா மேடம்?" என்று கேட்டார். குரலில் பயம் இருந்தது. "வருது அண்ணாச்சி. வளைஞ்சுதான் வரும்" என்றேன்.

ஆகவே நிவேதா, நேராக்காதே. மிச்சமாகிற கேபிளை விட அங்கே விழப்போகிற நங்கூரம் உனக்கு அதிகச் செலவு வைக்கும். நாலு பாறையில் எது என்று நீ கேட்பாய், கேட்காமல் இருந்தால் நீ நல்ல இன்ஜினியர் இல்லை. தூத்துக்குடிக்கு வா. நானே வல்லத்தில் கூட்டிக்கொண்டு போகிறேன். சந்தியாகு அண்ணாச்சி உன் கண் முன்னாலேயே குதித்து, இரண்டு பெரிய சங்கை எடுத்துவந்து உன் காலடியில் வைப்பார். கொஞ்சம் நாறும். கடல் வாசம் அப்படித்தான். நீ தாராளமாக 'பா' போட்டுக்கொள்.